வலையும் வளையமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு புறத்தே பெருங்கடல். மறு புறத்தே புத்தளம் வாவி. இரண்டு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. கரையில் மீன் காய்கின்றது. இக்கரையோரத்துப் பாடசாலை ஒன்றிலே நாம் தமிழ் கற்பிக்கின்றோம். எமது பாடசாலை மைதானத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் வலைப்பந்தாட்டத்துக்குரிய வளையங்கள் இரண்டு. உப்புக்காற்று அவற்றைத் தின்று கொண்டிருக்கின்றது. வளையத்திற் கட்ட வேண்டிய வலை எப்போதோ அறுந்து போயிற்று. எமது மாணவியர் பழைய மீன்வலைத் துண்டொன்றைக் கொணர்ந்து அதிலே கட்டியிருக்கின்றனர். கடற்கரைப் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறொன்றில்லை என்றே நமக்குத் தோன்றுவதுண்டு.

2022 டிசெம்பரில் ஒரு நாள், பத்தாந்தர வகுப்பிலே பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசித்துக் காட்டினோம். ருஷ்யச் சிறையிலிருந்த பிரிட்னி கிரைனர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை விடுதலையானார் என்பது செய்தி. அவர் ருஷ்யாவுக்குச் சென்றது விருந்துண்ண அன்று, அங்குள்ள கழகமொன்றுக்குச் சம்பளத்துக்கு ஆட என்பதையும் விளக்கினோம். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாய் அப்போது குவைத்திலே வீட்டுப் பணி புரிந்து கொண்டிருந்தாள்.

“சேர், அமெரிக்காக்காரங்களும் வெளிநாட்டுக்கு உழைக்கப் போவாங்களா?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் அன்றிரவு எண்ணிப் பார்த்த பொழுது, அவ்வினாவிலே சிரிப்பதற்கு யாதும் இல்லை என்பது புலனாயிற்று. உலகத்தின் மிகப் பெரும் செல்வ நாட்டிலே, தன் தொழிலில் முதன்மை பெற்ற ஒருத்தி, ஏன் பனி உறையும் ஊரல் மலையடிவாரத்துக்குச் சென்று உழைக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் ஆட்டத்தின் வரலாற்றினின்று தொடங்குதல் வேண்டும்.

1891 டிசெம்பரிலே, அமெரிக்க மாசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சீ.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் உள்ளரங்கிலே அடைபட்டுக் குமுறிய மாணவர்களை அமைதிப்படுத்தும் பொருட்டுப் புதியதோர் ஆட்டத்தைக் கண்டார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலே அறைந்து, பந்தை அவற்றுள் இடச் செய்தார். பெயரும் அதனாலேயே கூடைப்பந்தாயிற்று. ஆட்டம் உலகெங்கும் பரவியது வணிகர் வழியாக அன்று. கிறிஸ்தவ வாலிபர் சங்கங்களின் வழியாக. 1920 இல் ஹரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையிலே உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். தென்னாட்டுத் தமிழரிடையே உடற்பயிற்சி ஆசிரியர் என்றொரு வர்க்கமே அக்கல்லூரியின் வழி உருவாயிற்று எனலாம். கொழும்பு வை.எம்.சீ.ஏ.யில் உடற்கல்விப் பணிப்பாளராயிருந்த வோல்டர் கமாக் என்ற அமெரிக்கர் 1927 இல் இலங்கைக்குக் கூடைப்பந்தை அறிமுகப்படுத்தினார். ஆக, கூடைப்பந்தைக் கொண்டு கடல் கடந்து பிழைத்த முதல் அமெரிக்கர் ஆட்டக்காரர் அல்லர், ஆசிரியர். ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு.

பெண்களின் கதை வேறு திசையிற் சென்றது. ஆட்டம் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆனால் களத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியை விட்டு நீங்கலாகாது என விதித்தார். 1893 அளவிலே ஆட்டம் இலண்டனில் சுவீடன் நாட்டவரான மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் நடத்திய மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியை அடைந்தது. கணுக்கால் வரை தொங்கும் பாவாடையுடன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் எங்ஙனம்? எனவே தட்டுதல் நீக்கப்பட்டது. கூடைக்குப் பதிலாக வளையமும் வலையும் வந்தன. பின்பலகை இல்லாது போயிற்று. 1901 இல் விதிகள் அச்சேறின. இவ்வாறு பிறந்ததே வலைப்பந்தாட்டம். பந்தோடு ஓடலாகாது, பிறரை முட்டலாகாது, தன் எல்லையைத் தாண்டலாகாது: விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்கம் தன் பெண்மக்களுக்கு வீட்டிலே விதித்த கட்டளைகளையே மைதானத்தில் சுண்ணாம்பினாற் கீறி வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வளையத்தின் உயரத்தை மாத்திரம் அவர்களும் குறைக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பத்தடி.

பிரித்தானியப் பேரரசின் ஆசிரியைமார் சென்ற இடமெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதற்கு ‘மகளிர் கூடைப்பந்து’ என்பதே பெயர். நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டமையால், அதனை ஒழுங்கு செய்யும் பொருட்டு 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஓரிடத்திற் கூடினர். கூடிய இடம் இலண்டனன்று, சிட்னியுமன்று. இலங்கை! சர்வதேச மகளிர் கூடைப்பந்து, வலைப்பந்துச் சம்மேளனம் பிறந்த மண் நமது மண். அதே 1960 ஜூலையிலேதான் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்றார். 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகச் சுற்றுப்போட்டியிலே இலங்கை மகளிரும் ஆடினர். எமது பாடப்புத்தகங்களில் 1960 க்குச் சிறிமாவோ இருக்கின்றார், சம்மேளனத்தைக் காணோம்.

இனி ஊதியத்தின் கதைக்கு வருவோம். ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது இழிவு என்ற கருத்து, கூலி வாங்கத் தேவையில்லாதவர்கள் உண்டாக்கிய கருத்தாகும். இங்கிலாந்தின் துடுப்பாட்டத்திலே 1962 வரை ‘கனவான்கள்’ என்றும் ‘தொழிலாளர்’ என்றும் இரு சாதி இருந்தன. மைதானத்துக்குள் நுழையும் வாயில்கூடப் பல இடங்களில் வேறு வேறு. அந்த இரண்டாம் வாயிலால் நுழைந்தவர்களில் நமது தீவினரும் உளர். கொழும்பிலே பிறந்த லடி அவுட்ஸ்கோர்ன், யுத்த காலத்தில் யப்பானியரின் கைதியாயிருந்து மீண்டு, 1946 முதல் 1959 வரை வூஸ்டர்ஷயருக்கு ஆடினார். 1960 களில் ஸ்டான்லி ஜயசிங்கவும் கிளைவ் இன்மனும் லெஸ்டர்ஷயருக்கு ஆடினர். 1965 இல் இன்மன் எட்டு நிமிடங்களில் ஐம்பது ஓட்டம் பெற்றது இன்றும் வியப்போடு பேசப்படுகின்றது. எதிரணியினர் ஆட்டத்தை விரைவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே எளிய பந்துகளை வீசினர் என்பதைச் சொல்லுவோர் குறைவு.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வெளிநாடு செல்வதிலும் பல வகையுண்டு. பில் பிராட்லி ஒக்ஸ்போர்ட்டில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே இத்தாலியின் மிலான் கழகத்துக்கு ஆடி 1966 இல் ஐரோப்பிய வெற்றிக்கிண்ணத்தில் பங்கு கொண்டார். பின்னாளில் அமெரிக்க மேற்சபை உறுப்பினருமானார். அது வசதியுள்ளவனின் பயணம். கோபி பிரயன்டின் தந்தை ஜோ பிரயன்ட், சொந்த நாட்டிலே வாய்ப்பு முடிந்த பின் 1984 முதல் ஏழாண்டு இத்தாலியிற் கழித்தார். சிறுவனாயிருந்த மகன் இத்தாலிய மொழி பேசியே வளர்ந்தான். அது நடுத்தரத் தொழிலாளியின் பயணம். ஸ்டீபன் மார்பரி, அமெரிக்கா கைவிட்ட பின் 2010 இல் சீனம் சென்று, பீஜிங் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிற் பட்டம் வென்று கொடுத்தார். அந்நகரிலே அவருக்குச் சிலையே எழுந்தது. ஊரில் உதறப்பட்டவன் அயலூரிலே சிலையாவது நமது கிராமியக் கதைகளிலும் உண்டன்றோ!

இவர்களெல்லாம் ஆடவர். பெண்களுக்கோ வெளிநாடு செல்லுதல் தெரிவு அன்று, ஏறக்குறைய நியதி. 2022 இல் அமெரிக்க மகளிர் லீக்கில் ஒருத்தி பெறக்கூடிய உச்ச ஆண்டுச் சம்பளம் 228,000 டொலர் அளவினது. அதே காலத்தில் ஆடவர் லீக்கின் முன்னணி வீரர் ஒருவரின் சம்பளம் 4 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. பந்து ஒன்றே, வளையம் ஒன்றே, பத்தடியும் ஒன்றே. ஆதலால் கோடையிலே தாய்நாட்டிலும் மாரியிலே ருஷ்யா, துருக்கி, சீனம் ஆகிய நாடுகளிலும் ஆடி, ஓய்வென்பதே இன்றி ஆண்டு முழுவதும் உடலை விற்றனர். டயானா டவுராசி என்ற தலைசிறந்த வீராங்கனைக்கு, 2015 கோடையில் அமெரிக்காவிலே ஆடாது இளைப்பாறும்படி அவரது ருஷ்யக் கழகமே பணம் கொடுத்தது. ஆடாதிருப்பதற்கு அயல்நாடு தந்த கூலி, ஆடுவதற்குத் தாய்நாடு தந்த கூலியை விஞ்சியது! மார்க்சியப் பொருளாதாரம் படிப்பிக்கும் நண்பர்களுக்கு இவ்வுதாரணத்தை இலவசமாக வழங்குகின்றோம்.

அந்தக் கழகம் எக்கட்டரின்பேர்க் நகரத்தது. உரிமையாளர் ஊரல் பிரதேசத்துச் செம்புச் சுரங்க நிறுவனத்தார். அதே கழகத்திலேயே கிரைனரும் பல மாரிகள் ஆடினார். ருஷ்ய மகளிர் கூடைப்பந்தின் பெருமை செம்பு முதலாளிகள் உண்டாக்கியதன்று. சோவியத் காலத்திலே விதைக்கப்பட்டது. லத்வியாவின் உல்யானா செமியோனோவா, ஏழடி உயரப் பெண், 1976 இலும் 1980 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சோவியத் அணிக்காக உத்தியோகபூர்வ ஆட்டமொன்றிலேனும் தோற்றதில்லை என்பர். அவரும் தம் இறுதி ஆண்டுகளில், 1987 இலே, ஸ்பெயின் சென்று கழகத்துக்கு ஆடினார்.

உயரம் என்று சொன்னோம். நமது சமூகத்தில் உயரமான பெண் படும் பாட்டை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். ஆண்பிள்ளை வளர்ந்தால் தென்னம்பிள்ளை என்பர். பெண்பிள்ளை வளர்ந்தால், “இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது” என்பர். வகுப்பிலே கூனிக் குறுகி நடக்கும் நெட்டைச் சிறுமிகளைக் காணுந்தோறும் நமக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும்: தர்ஜினி சிவலிங்கம்.

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினைக் கிராமத்தவர் அவர். உயரம் 208 சதமமீற்றர். கிரைனரின் உயரமோ 206. இரு பெண்களும் அருகருகே நின்றால் நம்மவரே ஓர் அங்குலம் ஓங்கி நிற்பார். யுத்தம் தின்ற தலைமுறையைச் சேர்ந்த அத்தமிழ்ப் பெண், தேசிய வலைப்பந்தாட்ட அணியிலே கோல் ஷூட்டராகி, 2009 இல் இலங்கை ஆசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெறுவதற்கு முதற்காரணமானார். 2009 என்பது எந்த ஆண்டு என்று தமிழருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வன்னியிலே நிகழ்ந்ததும் அவ்வாண்டே, தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தெற்கின் பத்திரிகைகள் கொண்டாடியதும் அவ்வாண்டே. இந்த முரணை ஒற்றுமையின் சின்னமென்று மேடையிற் பேசிவிட்டுப் போவது எளிது. மேடையில் மாத்திரம் நாம் ஒன்றாகும் விந்தையை அவர் எப்படிச் சுமந்தார் என்று எண்ணுவது கடினம்.

வலைப்பந்தாட்டத்தில் எழுவருள் இருவரே வளையத்தை நோக்கிப் பந்தெறிய உரிமையுடையவர். நமது அணியிலோ ஒருவரே அச்சுமையை ஏறக்குறைய முழுதாகத் தாங்கினார். பிறர் பந்தை உயர எறிவர். அவர் கையை நீட்டுவார். எட்டக்கூடிய எதிராளி உலகத்தில் அரிது. 2018 இலே சிங்கப்பூரில் மீண்டும் ஆசியப் பட்டம். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் இட்ட கோல்கள் 348. அச்சுற்றுப்போட்டியிலே ஆடிய அனைவரிலும் அதிகம் அவையே. அந்த உலகக் கிண்ணத்தில் பதினாறு நாடுகளுள் இலங்கை பெற்ற இடமோ பதினைந்து.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். உலகின் தலைசிறந்த கோல் கணக்கும் கடைசிக்கு முந்திய இடமும் ஓரணிக்கே எங்ஙனம் வாய்த்தன? கிராமப் பாடசாலைகளிற் களமில்லை, பயிற்றுநர் இல்லை, சப்பாத்து இல்லை; ஆகவே ஆயிரம் சிறுமியர் வளர வேண்டிய இடத்திலே ஒருத்தி தானாக வளர்ந்து வந்தாள், அவளது தோளிலே தேசம் ஏறிக்கொண்டது. தனிமனிதரின் அற்புதத்தை எதிர்பார்த்திருக்கும் சமூகம் தன் கடமையைச் செய்யாத சமூகம் என்பதே நமது துணிபு.

வலைப்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ இந்நாட்டில் வழியில்லை. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் முப்படைகளும் வீராங்கனைகளுக்கு வேலை தந்து அணி நடத்துகின்றன. தர்ஜினியும் செலான் வங்கிக்கு ஆடியவர். பின்னர் அவர் அவுஸ்திரேலியா சென்று, மெல்பேர்ணிலே விக்டோரிய மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் பல்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார். அது அந்நாட்டின் உச்சத் தொழில்முறைத் தொடரன்று. அதற்கு அடுத்த படி. எனினும், நாட்டின் சீருடையிலன்றித் தன் கைத்திறனின் பேரிலே ஒரு தமிழ்ப் பெண் அயல்நாட்டுக் கழகத்தின் சட்டையை அணிந்தாள் என்பது சிறிய செய்தியா? நமது இலக்கியத்தில் கடல் கடந்தவன் தலைவன். கரையிலே காத்திருந்தவள் தலைவி. அந்த ஒழுங்கு புரண்டு விட்டது.

2022 செப்டெம்பர் 11 ஆம் திகதி இலங்கைக்கு ஒரே நாளில் இரண்டு ஆசியக் கிண்ணங்கள் கிடைத்தன. துபாயிலே துடுப்பாட்டக்காரர் பாகிஸ்தானை வென்றனர். சிங்கப்பூரிலே வலைப்பந்து மகளிர் சிங்கப்பூரை 63க்கு 53 என வென்றனர். பாணுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று களைத்த ஆண்டு அது. மக்கள் இரண்டுக்கும் மகிழ்ந்தனர். ஆண்டு ஒப்பந்தமும் டொலர்க் கணக்கும் மாத்திரம் ஒரு கிண்ணத்தாருக்கே உரியனவாயிருந்தன.

புத்தளக் கரையார்க்குக் கடல் கடந்த உழைப்பு புதிதன்று. 1344 இல் இப்னு பதூதா இக்கரையில் இறங்கிய போது, கறுவாக் கட்டைகள் கரையெங்கும் கிடந்ததையும் ஆரியச் சக்கரவர்த்தி தமக்கு முத்துகளைக் காட்டியதையும் எழுதி வைத்தார். அவரும் ஒருவகையிலே கடல் கடந்த தொழிலாளியே. மாலைதீவில் நீதிபதியாயிருந்து, மன்றத்துச் சச்சரவால் வேலையை விட்டு வந்தவர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் உடல் வலிமைக்காகக் கொண்டுவந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள். படை கலைக்கப்பட்டபின் இங்கே குடியமர்ந்தனர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடல்கள் அவர்தம் நாவிலே எஞ்சியுள்ளன. இக்காலத்திலோ, மன்னாரிலே பிறந்து தேசிய உதைபந்தாட்ட அணியிற் காவல் நின்ற டக்ஸன் பியூஸ்லஸ், மாலைதீவின் கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடி, 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார். உடல் ஊருக்கு வந்தது.

1990 ஒக்டோபரிலே வடக்கினின்று விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இக்கரையில் ஓலைக் கொட்டில்களில் அடைக்கலம் புகுந்தனர். 1990 களின் நடுவிலே இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் அழித்தது. கடலிலும் கரையிலும் பிழைப்பு சுருங்கச் சுருங்க, விமான நிலையத்துக்குச் செல்லும் பெண்களின் தொகை பெருகிற்று. 1977 க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தின் மிகப் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று நம் தாய்மாரின் கைகள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் செல்லலாகாது என 2013 இல் அரசாங்கம் விதித்தது. களத்தில் எல்லைக்கோடு கீறிய அந்த ஆங்கிலக் கல்லூரியின் நினைவு நமக்கு வருகின்றது. கோட்டைக் கீறியவர்கள், கோட்டுக்குள் இருப்பவள் எதனை உண்பாள் என்பதைச் சொல்லவில்லை.

இப்பொழுது கிரைனரிடம் மீள்வோம். 2022 பெப்ரவரி 17 இல் மொஸ்கோ விமான நிலையத்திலே அவரது பயணப்பையிற் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்தனவென்று கைது செய்தனர். ஓகஸ்டில் ஒன்பதாண்டுச் சிறை. டிசெம்பர் 8 இல் அபுதாபி விமான நிலையத்திலே, அமெரிக்கச் சிறையிலிருந்த ஆயுத வணிகர் ஒருவருக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டார். பத்து மாதத்துள் ஒரு வல்லரசு தன் தொழிலாளியை மீட்டது. அதுவும் தானாக நிகழவில்லை. உடன் ஆடிய மகளிர், அவர் பெயரையும் எண்ணையும் மைதானந்தோறும் எழுதி வைத்து ஓயாது குரலெழுப்பினர்.

மூதூரிலே பிறந்த றிசானா நபீக், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டாள். சென்ற சில வாரங்களில், அவள் பராமரிப்பிலிருந்த சிசு இறந்தது. 2007 இல் மரண தண்டனை. இலங்கை அரசு கருணை கேட்டது. மனித உரிமை அமைப்புகள் கேட்டன. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அவள் காத்திருந்தாள். மாற்றிக்கொள்ளத்தக்க எவரும் நம் சிறைகளில் இருக்கவில்லை. நிறுத்தி வைக்கத்தக்க வணிகம் எதுவும் நம் கையில் இருக்கவில்லை. அவள் பெயரை மார்பிலே எழுதி ஆட ஓர் அணியும் இருக்கவில்லை.

மறுநாள் வகுப்பிலே அம்மாணவிக்கு விடை சொன்னோம்: “போவார்கள். அங்கேயும் ஆம்பிளைக்குப் பெரிய சம்பளம், பொம்பிளைக்குச் சின்னச் சம்பளம்.” அவள் தலையசைத்தாள்; வியந்ததாகத் தெரியவில்லை. றிசானாவைப் பற்றி அன்று நாம் பேசவில்லை. குவைத்திலே தாயிருக்கும் பிள்ளையிடம் அதைப் பேச நா எழவில்லை.

பாடசாலை விட்டபின் மைதானத்துக்கு வந்து, தர்ஜினி அக்காவின் உயரம் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னோம். அளவு நாடாவைக் கம்பத்தோடு பிடித்து, 208 இல் சுண்ணக்கட்டியாற் கோடு கீறினாள். பின்னர் எட்டி நின்று வளையத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு மீற்றர் அளவு இருந்தது.

“அவங்களுக்கும் எட்டாது போல இருக்கே, சேர்.”

“எட்டாது. அவரும் எறிய வேண்டும்.”

அந்தக் கோடு முதல் மழைக்கே அழிந்து போயிற்று. சில நாட்களின் பின், அதே இடத்தில் யாரோ வள்ளத்துக்குப் பூசும் தாரினால் அதனைத் திரும்பக் கீறியிருந்தார்கள். அவள் 2024 இல் எமது பாடசாலையை விட்டு நீங்கினாள். கோடு இருக்கின்றது. ஆறாந்தரத்துச் சிறுமிகள் இடைவேளைகளிலே அதன்கீழ் நிமிர்ந்து நின்று, ஒருத்தியின் தலையில் மற்றவள் கைவைத்து அளந்து கொண்டிருக்கின்றனர்.